அறுக்காத பாவு

எங்கள் கொழுந்தனாருக்கு ஒரு வியாதி உண்டு. தவறு செய்துவிட்டால் அதை நாலு பேர் முன்னால் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஊரில் மற்றவர்கள் தவறை மறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இவர் நேர் எதிர். “எனக்க தெற்றாக்கும்” என்று எழுந்து நின்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என்னுடைய தவறுதான் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது முகத்தில் வெட்கமும் இருக்காது, பெருமையும் இருக்காது. கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல. வீட்டில் வைத்த பெயர் ஒன்று, கட்சி வைத்த பெயர் ஒன்று, போலீசார் தேடிய பெயர் ஒன்று என்று அவருக்குப் பெயர்கள் கூடிப்போயின. எதைச் சொன்னால் யாருக்கு ஆபத்து என்று தெரியாமல் நாங்கள் வீட்டுப் பெண்கள் பெயரே சொல்லாமல் பழகிவிட்டோம். என் கணவரின் தம்பி. அது போதும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் கம்யூனிஸ்டு என்ற சொல்லைக் கேட்டாலே ஏட்டுமார் தொப்பியைத் தேடிய காலத்தில், அந்தத் தாலுகாவுக்கே கட்சித் தலைவராக இருந்தவர். மகாராஜா ஆட்சி. யுத்த காலம். கட்சிக்குத் தடை. என் கணவரோ நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் சர்க்கார் குமஸ்தா. ஒரே கூரையின் கீழ் அண்ணன் ராஜாவின் சம்பளம் வாங்கினார், தம்பி ராஜாவை இறக்கப் பார்த்தார். நடுவில் இரண்டு பேருக்கும் சோறு போட்டவள் நான்.

நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பாறசாலைக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் தீயல் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. என் மாமியாருக்கு அது போதாதா? “உப்பளத்துக்குப் பக்கத்துல பெறந்தவளாக்கும், வாரிப் போடுதா” என்று ஆரம்பித்துவிட்டார். என் பிறந்த ஊருக்கும் உப்பளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுக்களை மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கொழுந்தனார் எச்சில் கையோடு எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார். அண்ணியான என்னை அவர் மைனி என்றுதான் சொல்வார்.

“அம்மா, எனக்க தெற்றாக்கும். கொதிக்கும்போ ருசி பாத்தேன். உப்பு இல்லேன்னு தோணிச்சு. ஒரு கை போட்டேன். மைனிக்குத் தெரியாது. பெறவு அவியளும் போட்டிருக்காவ.”

“ஆம்பிளைக்கு அடுக்களையில என்னலே சோலி?” என்று மாமியாரின் கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. நான் பிழைத்தேன்.

சாயங்காலம் மாட்டுக்குக் காடி வைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், “என்னைக் காப்பாத்தத்தானே அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். சினேகமாக நாலு வார்த்தை பேசலாம் என்று போனவள்.

“இல்ல மைனி. உள்ளதாட்டு போட்டேன். போடாம போட்டேன்னு சொன்னா அது தெற்றை ஏக்குறது இல்லல்லா. பொய்யாக்கும்.”

எனக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஆனாலும் அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒரு ஆள் உண்டு என்று தோன்றிவிட்டது.

இந்த வியாதியால்தான் அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை. ஒரே ஒரு முறை பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல குடும்பம், நல்ல பெண். தரகர் போகிற போக்கில், மாப்பிள்ளை வக்கீல் பரீட்சை பாஸ் என்று அளந்துவிட்டிருந்தார். பெண்ணின் அப்பா பலகாரத் தட்டை நீட்டி, “வக்கீல் மாப்பிள எடுத்துக்கிடணும்” என்றார். இவர் ஒரு முறுக்கை எடுத்து, ஒரு கடி கடித்து, பிறகு நிறுத்திவிட்டார்.

“நான் தோத்துப்போனவனாக்கும். நீங்க வக்கீல்னு விளிச்ச உடனே சொல்லியிருக்கணும். முறுக்கைக் கடிச்ச பெறவு சொல்லுதேன். எனக்க தெற்றாக்கும்.”

கடித்த முறுக்கைத் தட்டில் வைப்பதா, தின்பதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் என் கணவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. களத்துக்கும் வந்தது. ஒரு வருஷம் அறுவடையில், எங்கள் வீட்டுக் கூலிக்காரர்களைக் கூட்டி வைத்து, இந்த வீட்டில் கூலி நெல் அளக்கும் நாழியே கள்ளநாழி, அளவு குறைவு, இதில் கூலி வாங்காதீர்கள் என்று பேசிவிட்டார். சொந்த அண்ணன் வீட்டு நாழியை. என் கணவர் கோபத்தில் கோர்ட்டுக்குக் குடையை மறந்துவிட்டுப் போனார். களத்தில் வேலை நின்றது. சாயங்காலம் கொழுந்தனார் தாமே பக்கத்து ஊர்க் கடையிலிருந்தும் கோவிலிலிருந்தும் நாழி வாங்கி வந்து, நெல்லைப் போட்டு மாற்றி மாற்றி அளந்து பார்த்தார். எங்கள் நாழி சரியாகவே இருந்தது.

மறுநாள் காலையில் எல்லோரும் களத்தில் நிற்கும்போது வந்தார். அந்தக் காலத்தில் மேல்ஜாதிக்காரரைக் கண்டால் கூலிக்காரர்கள் தோளில் கிடக்கும் துவர்த்தை, அதாவது துண்டை, எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். அதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள். இவர் அவர்கள் முன்னால் நின்று தம் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்தார். இடுப்பில் கட்டினார். களமே திகைத்துப்போயிற்று.

“நாழி செரியாக்கும். கள்ளநாழின்னு சொன்னது எனக்க தெற்று” என்றார்.

செல்லி என்று ஒரு கிழவி, எங்கள் வயலில் பிறந்து வளர்ந்தவள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “ஏமானே, துவர்த்தைத் தோளில இடுங்கோ. கண்ணு கொண்டு பாக்க வைக்காதிங்கோ.”

“ஏமான்னு விளிக்கப்பிடாதுன்னு எத்தனை மட்டம் சொன்னேன்!”

“செரி ஏமானே” என்றாள் செல்லி.

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் தம்பி இன்னும் முடிக்கவில்லை. “நாழி செரி. கூலி குறைவு. அது நேத்தும் சொன்னேன், இண்ணும் சொல்லுதேன். அதுல எனக்கு ஒரு தெற்றும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் துவர்த்தை எடுத்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வருஷம் கூலியைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டிவந்தது. ஒரு பாதியை விட்டுக்கொடுத்த ஆளிடம் மற்றப் பாதிக்கு எப்படிச் சண்டை போடுவது என்று என் கணவருக்குத் தெரியவில்லை.

இப்படித்தான் அவர் தலைவரானார் என்று நினைக்கிறேன். மேடையில் பேச அவருக்கு வராது. தொண்டையும் சன்னம். ஆனால் இந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான், தப்பாக இருந்தால் அவரே வந்து சொல்லிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை ஜனங்களுக்கு இருந்தது. பாலராமபுரத்து நெசவாளர்கள் அவர் சொல்லுக்குத்தான் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து ராஜா கூட்டிவந்து குடியேற்றியவர்கள். வீட்டுக்குள் நம்மைப் போலத் தமிழ்தான் பேச்சு. சுப்பையா என்று ஒரு நெசவாளி எப்போதும் அவர் கூடவே இருப்பார். நெட்டையான ஆள். எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கமாக வந்து, “மதினி, ஒரு வாய் வெள்ளம்” என்று கேட்பார். தோழர் என்பதற்குச் சகாவு, சகாவு என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். கூடப்பிறந்த அண்ணனை ஒரு நாளும் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டவரல்ல எங்கள் கொழுந்தனார்.

கட்சியில் மேலே இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சீர்திருத்தவாதி என்றார்கள். முதலில் கேட்டபோது நான் புகழ்ச்சி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் பக்கத்தில் கோவிலைத் திறந்துவிடச் சொன்னவர்களையும் விதவைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்களையும் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வோம். கட்சியில் அது வசவு என்று அவர்தான் எனக்கு விளக்கினார். ஒரேயடியாக எல்லாவற்றையும் புரட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கலாம், எதிராளியோடு பேசிப் பார்க்கலாம் என்கிறவனுக்கு அந்தப் பெயர்.

“அப்ப நீங்க அதுதானா?” என்றேன்.

யோசித்தார். “ஆயிருக்கும் மைனி” என்றார்.

இனி பாலராமபுரத்து நெசவாளர் வேலைநிறுத்தம். அரிசி கிடைக்காத வருஷம் அது. பர்மாவிலிருந்து வருவது நின்றுபோய், பணம் உள்ளவர்களே மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். நெசவாளர்களுக்கு நூல் கொடுக்கும் முதலாளிமார் கூலியைக் குறைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட நாள் விடிந்ததும் பாலராமபுரத்தில் ஒரு தறிகூட ஓடக் கூடாது என்று மேல்கமிட்டி உத்தரவு போட்டது. தெருவில் பாவு கிடந்தால் அறுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவு.

பாவு என்பது துணியில் நீளவாட்டில் ஓடும் நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பூசி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீளமான பிரஷால் தேய்த்துக் காயவைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துவிட வேண்டும். பாதியில் விட்டால் நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, குப்பையில் போடத்தான் ஆகும். நூல் முதலாளியுடையது. கெட்டால் பழி நெசவாளி தலையில்.

அந்த விடியற்காலையில் கொழுந்தனார் தெருவுக்குப் போனபோது பாதி வீட்டுப் பாவு தெருவில் கிடந்தது. உத்தரவு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. கட்சி இளைஞர்கள் கத்தியோடு நின்றார்கள். இவர் பாவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

“கஞ்சி முக்கியாச்சு. இந்தக் கஞ்சி, இங்க உள்ள பிள்ளைக குடிக்காம நூலுக்குக் கொடுத்ததாக்கும். இதை அறுக்க எனக்குக் கை வராது. காஞ்சு சுருட்டட்டும். சுருட்டின பெறவு ஒருத்தரும் தறியில ஏத்தண்டாம். அப்பம் தொடங்குவோம்.”

அவர் சொன்னால் கேட்பார்கள். கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து தேய்த்தார்கள். கத்தியோடு வந்தவர்களும் பிரஷைப் பிடித்தார்களாம். பாவு காய்ந்து, சுருட்டி, வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தக் காலை நேரம் போதுமானதாக இருந்தது, முதலாளிமார் விஷயம் அறிந்து போலீசைக் கூட்டிவர. ஊர்வலம் தெரு முனையைத் தாண்டுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. கொழுந்தனாரைச் சிலர் இழுத்துக்கொண்டு வாழைத் தோட்டங்கள் வழியாகத் தப்பினார்கள். சுப்பையா அகப்பட்டார். லாக்கப்பில் அவருடைய வலது மணிக்கட்டை அடித்து ஒடித்துத்தான் வெளியே விட்டார்கள். தறியில் பாவுக்குள் நூல் ஓடத்தை எறிந்து நெய்யும் கை. வேலைநிறுத்தம் நாலைந்து நாளில் நொறுங்கிவிட்டது.

கட்சி விசாரணை எங்கள் வீட்டு விறகுச் சாய்ப்பில் நடந்தது. போலீஸ் எங்கள் வீட்டை ஏற்கெனவே புரட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பார்த்த வீட்டுக்கு உடனே திரும்ப வரமாட்டார்கள் என்பது கட்சிக்காரர்கள் கணக்கு. பட்டப்பகல். என் கணவர் கோர்ட்டில் ராஜாவின் முத்திரைக் காகிதங்களைத் தைத்துக்கொண்டிருந்த நேரம். நான் மரச்சீனி அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு விறகு பொறுக்குவது போல அங்கேயே நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து செயலாளர் வந்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கெட்டவர் அல்ல. கிழங்கைத் தின்னும்போது கையில் ஒட்டியதையும் நக்கித் தின்றதைப் பார்த்தேன். சாப்பிட்டு எத்தனை நேரமாயிற்றோ. அவர் மலையாளத்தில் பேசினார். நினைவிருப்பதைத் தமிழில் எழுதுகிறேன். சகாவே, ஒரே ஒரு காரியம், அன்று பாவை அறுக்காதது தவறு என்று இவர்கள் முன்னால் சொல்லிவிடும், போதும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா! தவறை ஏற்பதில் தாலுகாவிலேயே இவரை மிஞ்ச ஆளுண்டா?

கொழுந்தனார் எழுந்து நின்றார். செயலாளரைப் பார்க்கவில்லை. மூலையில் கையைக் கழுத்தில் துணியால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த சுப்பையாவைப் பார்த்தார்.

“சுப்பையா, ஒனக்க கை ஒடிஞ்சது என்னாலயாக்கும். பாவு சுருட்டின உடனே ஆளுகளைக் கலைச்சு விட்டிருக்கணும். போலீசு அதுக்குள்ள வராதுன்னு நினைச்சேன். எனக்க தெற்றாக்கும். ஆயுசுக்கும் எனக்க தெற்றாக்கும்.”

சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். சுப்பையா தலை நிமிரவில்லை.

சரி, அப்போது பாவை விட்டதும் தவறுதானே என்றார் செயலாளர்.

“இல்ல. அது வேற, இது வேற. கஞ்சி முக்கின பாவை நான் அறுக்கல்ல. இன்னொரு மட்டம் வந்தாலும் அறுக்கமாட்டேன். ஆரை நம்பி கொடி பிடிக்கமோ, அவன் பிள்ளைக்க கஞ்சியை அறுத்திட்டு நான் எங்க போய் நிக்க?”

ஒன்றிலிருந்துதானே மற்றது வந்தது என்றார் செயலாளர். இரண்டும் ஒன்றுதான் என்று கட்சி தீர்மானித்திருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுகிற மாதிரியே சொன்னார்: எத்தனையோ தெற்று ஏற்றவர் நீர். இதையும் ஒன்றாகச் சொல்லிவிடும். உம்மை இழக்க எனக்கு மனசில்லை.

எனக்கும் உள்ளே ஒரே கூச்சல். சொல்லிவிடும், சொல்லித் தொலையும் என்று. அந்தக் கட்சியைத் தவிர அவருக்கு என்ன இருந்தது? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, படிப்பு முடியவில்லை, அண்ணனோடு பேச்சில்லை. சகாவு என்று கூப்பிட அந்தச் சாய்ப்பில் உட்கார்ந்திருந்த நாலு பேர்தான் இருந்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். “அது எனக்க தெற்று இல்ல” என்றார்.

அவரை நீக்குவதற்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். சுப்பையாவைச் செயலாளர் பார்த்தார். வலது கை கட்டில் இருந்தது. சுப்பையா சுவரைப் பார்த்துக்கொண்டு இடது கையைத் தூக்கினார். அன்றிலிருந்து கொழுந்தனாரோடு கட்சிக்காரர் யாரும் பேசக் கூடாது, அவர் கையால் வாங்கக் கூடாது என்று விலக்கும் போட்டார்கள். போகும்போது செயலாளர் என்னைக் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். “நாழிக்குத் தெற்று சொன்னீங்க. முறுக்குக்குத் தெற்று சொன்னீங்க. இந்த ஒண்ணைச் சொன்னா வாய் தேஞ்சா போவும்?”

மிச்சம் கிடந்த கிழங்குத் தோலைப் பொறுக்கி மாட்டுக்குக் காடி வைக்கும் குட்டுவத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்: “இல்லாத தெற்றை ஒருக்க சொல்லியாச்சுன்னா, மைனி, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஆருக்கு வேண்டும்? நாழிக்குச் சொன்னதும் பொய்யின்னு ஆயிடுமே.”

சாயங்காலம் என் கணவர் கோர்ட்டிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். தம்பி அந்தக் கட்சியை விட்டுவிட வேண்டும் என்று குலதெய்வத்துக்கு வெடிவழிபாடு நேர்ந்திருந்தவர் அவர். தேங்காய் உடைப்பார் என்று பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் குதித்தார். “அவனுகளுக்கு என்ன திமிரு! எனக்க தம்பியை நீக்க அவனுக ஆரு?” அன்று அண்ணனும் தம்பியும் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நேர்ந்த வெடியை மட்டும் அவர் போடவே இல்லை.

கட்சி கைவிட்டது தெரிந்ததும் போலீசுக்கும் இவர்மேல் இருந்த ருசி போய்விட்டது. ஒப்புக்கு ஒரு முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டார்கள். அது அவருக்கு அடியைவிடப் பெரிய அவமானமாக இருந்திருக்கும். வேறு கட்சிக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. கட்சியைத் திட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் திட்டினால் எழுந்து போய்விடுவார். வாழைக்கு மண் அணைத்தார், மாட்டைக் குளிப்பாட்டினார். பாறசாலைச் சந்தையில் பழைய சகாக்கள் எதிர்ப்பட்டால் அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று இவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். 

பிறகு ராஜா போனார், கட்சிக்குத் தடை போயிற்று, கொடிகள் வெளியே வந்தன. அவர் இருந்தார், ஒரு நாள் இல்லாமல் போனார். அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு மழைக்காக.

நீக்கி ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு உடுக்க முண்டும் மேலே போட நேரியதும் எடுக்க வேண்டியிருந்தது. நல்ல சரக்கு வேண்டுமென்றால் பாலராமபுரத்துத் தெருவுக்கே போக வேண்டும். வரமாட்டேன் என்றவரை, தனியாக விட்டால் என்னை ஏமாற்றிவிடுவார்கள் என்று பிடிவாதம் பிடித்து முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். என்னை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வந்தார்.

தெரு முழுக்கப் பாவு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் பிரஷ்கள் ஒரு கணம் நின்றன, பிறகு ஓடின. ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளை சிரிக்கப் போனவள் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். இவர் குனிந்து, பாவில் உடம்பு படாமல், அடியில் நுழைந்து நுழைந்து போனார். சுப்பையா வீட்டுக்கு முன்னாலும் ஒரு பாவு கிடந்தது. மணிக்கட்டு கோணிக் கூடிப்போயிருந்ததால் சுப்பையாவுக்குத் தறி முடியாது. மனைவி ஆவுடையம்மைதான் நெய்தாள். அவர் இடது கையால் பாவு தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சொல்லாமல் கொள்ளாமல் மழை வந்தது.

அந்தத் தெருவில் ஒரு நியாயம் உண்டு. பாவு தெருவில் கிடக்கும்போது மழை வந்தால், யாராயிருந்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஜாதி கிடையாது, சண்டை கிடையாது, கேஸ் நடத்துகிற பங்காளியானாலும் பிடிக்க வேண்டும். தாலி கட்டப் போகிற மாப்பிள்ளையே மாலையோடு பிடித்திருக்கிறான் என்பார்கள். தெருவெல்லாம் ஒரே ஓட்டம். சுப்பையா ஒரு முனையைப் பிடித்துவிட்டார். எதிர் முனையில் ஆள் இல்லை. ஆவுடையம்மை உள்ளே இருந்து ஓடிவருவதற்குள் கொழுந்தனார் அந்த முனையைப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல், சுருட்டிக்கொண்டே நெருங்கி வந்தார்கள். இறவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது நடுவில் சுருட்டிய பாவு மட்டும் இருந்தது. பாவு பிழைத்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

கொழுந்தனார் துவர்த்தைப் பிழிந்துகொண்டு தெருவில் இறங்கப் போனார்.

“எடியே,” என்று சுப்பையா உள்ளே பார்த்துக் கத்தினார், “மழையில ஆளு நனைஞ்சு நிக்கில்லா? ரெண்டு பேருக்குக் கஞ்சி விளம்பு.”

ஆவுடையம்மை என்னையும் உள்ளே இழுத்தாள். இரண்டு மண்சட்டியில் கஞ்சி வைத்தாள். பிலாவிலையைக் கரண்டி மாதிரி மடக்கிக் கோட்டி ஈர்க்குக் குத்தித்தான் எங்கள் பக்கத்தில் கஞ்சி கோரிக் குடிப்போம். இலை கோட்ட இரண்டு கையும் வேண்டும். கொழுந்தனார் இலை இரண்டை எடுத்துக் கோட்டினார். ஒன்றைச் சுப்பையாவின் சட்டிக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி தரையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. சுப்பையா அதை எடுத்துக்கொண்டார். 

பிறகு சுப்பையா தலை நிமிராமல், மனைவியிடம் பேசினார்.

“ஆவுடை, அவியகிட்டச் சொல்லு. கை ஒடிஞ்சதுல எனக்குக் கோவம் உண்டு. சாவுதது வரைக்கும் உண்டு.”

ஆவுடையம்மை அகப்பையோடு நின்றாள். கொழுந்தனார் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

“பாவை அறுக்காததுல கோவம் இல்லேன்னும் சொல்லு. அண்ணைக்கு அறுத்திருந்தா நாங்க தெருவுல நிண்ணிருப்போம். அது வேற, இது வேற.”

“பக்கத்துலதானே இருக்காவ,” என்றாள் ஆவுடையம்மை. “நீரே சொன்னா என்ன?”

“எனக்குக் கட்சி விலக்கு உண்டு. ஒனக்கு இல்லல்லா.”

அவள் இவர் பக்கம் திரும்பினாள். சொல்வதற்கு வாயைத் திறந்தவள், இவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் நின்றுவிட்டாள். எங்கள் கொழுந்தனார் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரத் துவர்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டேன்னு சொல்லு, ஆவுடையம்மே.”

அவள் புருஷனிடம் திரும்பி, “கேட்டாவளாம்” என்றாள்.

சுப்பையா சரி என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் கஞ்சி விடச் சொல்லி, கொழுந்தனாருடைய சட்டியைக் காட்டினார்.